இன்ஜினைப் பிரித்தாயிற்று, இனி எதை மாற்றுவது? எம்ஜிபி, ட்ரையம்ஃப் வாசகர் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் இங்கிலாந்திலும் கனடாவிலும் நிறையப் பேர். குளிர்காலம் வந்தால் இன்ஜினை இறக்குவார்கள், வெயில் வருவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று பதறுவார்கள். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைப் பற்றி. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் இருக்கிறது. ஆயில் புகை வந்தது, இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை, அதனால் இன்ஜினைப் பிரித்துவிட்டோம். பட்டறைக்காரர் 1950 சிசி, பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), வெபர் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது), ட்யூப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், கோடையில் வேல்ஸ் பக்கம் ஒரு நீண்ட பயணம், அவ்வளவுதான் என் உபயோகம். எதை வாங்குவது, எதை விடுவது? (ஹாரோ, லண்டன்)

பதில்: பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்தக் காரை எந்த ஆர்பிஎம்மில் ஓட்டுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் 2,000க்கும் 4,500க்கும் நடுவில்தான் உங்கள் கால் இருக்கும். அப்படியானால் 6,000க்குப் பக்கத்தில் மட்டும் சக்தி தரும் எந்தப் பொருளுக்கும் காசு கொடுக்காதீர்கள். அவை மட்டமான பொருள்கள் அல்ல, பந்தயத்துக்கென்று செய்தவை. ஆனால் மேலே கிடைக்கும் சக்திக்கு விலையாகக் கீழே இழுவை போய்விடும், ட்ராஃபிக்கில் மூன்றாவது கியரில் மிதித்தால் திணறும், நீங்கள் ஆசைப்பட்ட பிக்கப் இருக்காது. எம்ஜிபி கம்பெனியிலிருந்து வந்தபோது 1798 சிசி, சுமார் 95 பிஎச்பி. அந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 3,000 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும் 110 பவுண்டு-அடி டார்க், அதாவது இழுவிசை. அந்தக் குணத்தைக் கெடுக்காமல் கூட்டுவதுதான் வேலை.

இந்த இன்ஜினின் பலவீனம் எங்கே என்று தெரிந்தால் செலவை எங்கே செய்வது என்பது தானாகத் தெரிந்துவிடும். இது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் பி-சீரிஸ் இன்ஜின். இதே குடும்பத்தின் 1489 சிசி தம்பிதான் நம் ஊர் அம்பாசடரில் பல வருடம் ஓடியது, அதனால் ஊரில் பழைய அம்பாசடர் மெக்கானிக் யாராவது தெரிந்தால் இந்த ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் இருக்கும் மூடியை) பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடுவார். கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, அந்தப் பக்கம் பலம். 1964 அக்டோபருக்குப் பின் வந்தவற்றில் ஐந்து மெயின் பேரிங், சாலை ஓட்டத்துக்கு அது தாராளம். மூச்சுதான் குறை. நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் துளை, மூன்று எக்ஸாஸ்ட் துளை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால் ஒரே துளையைப் பகிரும் 1ம் 2ம் அடுத்தடுத்து காற்றை இழுக்கின்றன, 3ம் 4ம் அப்படியே. ஒரே இளநீரில் ஒரே ஸ்ட்ராவைப் போட்டு இருவர் மாறி மாறி உறிஞ்சுகிற கதை: முதல் ஆள் முடிப்பதற்குள் அடுத்தவர் இழுக்க ஆரம்பித்துவிடுவார். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் பந்தயக் கேம் போட்டால் இந்தத் திருட்டு இன்னும் கூடும். வெபரும் இதனால்தான் இங்கே எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வாய் இருந்தால்தான் அதன் திறமை வெளியே வரும், இந்த ஹெட்டில் அதற்கு வழியே இல்லை.

ஆக, காசின் பெரும்பகுதி ஹெட்டுக்கு. முதலில் விரிசல் சோதனை. வால்வ் சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் விடுவது இந்த ஹெட்டுக்குப் பழக்கம், விரிசல் இருந்தால் அந்த ஹெட்டில் ஒரு பைசா போடாதீர்கள், வேறு ஹெட் தேடுங்கள். நல்ல ஹெட் என்றால், பி-சீரிஸ் ஹெட் வேலை தெரிந்த ஆளிடம் கொடுத்துத் துளைகளைச் சரி செய்து, புது வால்வ் கைடு, பல கோணத்தில் வெட்டிய சீட், கடினமான எக்ஸாஸ்ட் சீட் இன்சர்ட் போடச் சொல்லுங்கள். துளையைப் பெரிதாக்குவது முக்கியம் இல்லை, வால்வுக்குப் பின்னால் இருக்கும் தொண்டைப் பகுதியைச் சீராக்குவதுதான் முக்கியம். ட்ரில்லை எடுத்து வீட்டிலேயே பெரிதாக்கப் போனால் காற்றின் வேகம் குறைந்து கீழே இழுவை போகும், இன்னும் கொஞ்சம் போனால் தண்ணீர் அறையே திறந்துகொள்ளும். 70களின் தொடக்கத்தில் வந்த சில ஹெட்களில் 1.625 அங்குல இன்லெட் வால்வ் உண்டு, மற்றவற்றில் 1.565; உங்களுடையது எது என்று அளந்து பாருங்கள், பெரியது இருந்து விரிசலும் இல்லை என்றால் அதிர்ஷ்டம். கம்ப்ரஷன் 9.5க்குப் பக்கத்தில் இருக்கட்டும், சூப்பர் பெட்ரோல் ஊற்றினால் இந்த இரும்பு ஹெட் தாங்கும்.

கேம் மாற்றுவது நல்லதுதான், ஆனால் மிதமானது. வால்வ் திறந்திருக்கும் நேரம் 270 டிகிரி அளவில் வைத்துச் சாலைக்கென்று விற்கிறார்களே, அது போதும், ஐடிலும் ஒழுங்காக இருக்கும். புதுக் கேமுக்கு, அதன் மேல் உரசி நகரும் பழைய ஃபாலோயரை மட்டும் போட்டுவிடாதீர்கள், இரண்டும் சேர்த்தே புதிதாக இருக்க வேண்டும். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட வையுங்கள், ஸ்டார்ட் ஆகாமல் நீண்ட நேரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கவும் விடாதீர்கள். கேமின் ஆயுளை முடிவு செய்வது அந்த இருபது நிமிடம்தான் என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆயில் ஜிங்க் சேர்க்கை போதுமான அளவு உள்ள 20டபிள்யூ-50, பழைய கார்களுக்கென்று தனியாக விற்பது. இன்றைய கார்களுக்கு விற்கும் மெல்லிய ஆயில் இந்தத் தட்டை ஃபாலோயருக்குச் சரிவராது.

சரி, 1950 சிசி. போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருப்பதால் எப்படியும் ரீபோர் செய்து அதைக் கடைந்து பெரிதாக்கப் போகிறீர்கள், ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கப் போகிறீர்கள். அறுபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் போட்டால் 1868 சிசி ஆகிறது, அதாவது நான்கு சதவீதம் கூடுதல். 1950 என்றால் எட்டரை சதவீதம். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடும் என்பதால் உங்கள் உபயோகத்துக்குப் பொருத்தமான மேம்பாடுதான், பட்டறைக்காரர் அதில் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் போருவதற்கு முன் பிளாக்கின் சுவர் கனத்தை அல்ட்ராசானிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள், வார்ப்பில் மையம் நகர்ந்த பிளாக்குகள் இருக்கின்றன, ஒரு பக்கம் மெலிந்திருந்தால் சூட்டில் போர் வட்டமாக நிற்காது. அளக்க மாட்டேன் என்று சொல்கிற பட்டறையில் 1950 வேண்டாம். பணம் இறுக்கமாக இருந்தால் சாதாரண ஓவர்சைஸ் பிஸ்டனோடு நிறுத்தி, மிச்சத்தை ஹெட்டில் போடுங்கள். 1950 சிசியில் பழைய ஹெட்டை வைத்து ஓட்டுவதைவிட 1868ல் நல்ல ஹெட் எனக்குப் பிடிக்கும்.

காரில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரும் இருக்கட்டும். த்ராட்டில் ஸ்பிண்டில் ஆடினால் புஷ் போட்டுச் சரி செய்து, பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் ஊசியைப் புது இன்ஜினுக்கு ஏற்றபடி மாற்றினால் போதும். 1950க்குப் போய் ஹெட்டும் நன்றாகச் செய்தால் மட்டும் ஒன்றே முக்கால் அங்குல எஸ்யூ பற்றி யோசிக்கலாம். எக்ஸாஸ்டில் கம்பெனி வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே நன்றாக வடிவமைத்தது. ட்யூப் மேனிஃபோல்டு கொடுக்கும் லாபம் சாலையில் தெரியவே தெரியாது, சத்தமும் கார்புரேட்டர் பக்கம் சூடும்தான் கூடும். அந்தக் காசுக்குக் கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் கவர் மூன்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்துவிடுங்கள், ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் கையில் தெரியும். டைமிங் செயின் ஒற்றை வரிசை என்றால் இரட்டை வரிசை போடுங்கள், ஆயில் பம்ப் புதிது.

பிறகு, ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். ஐம்பது வருடம் ஓடின லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகளும் ஸ்பிரிங்கும் தளர்ந்து, அட்வான்ஸ் (பொறியை முன்கூட்டியே விடும் அளவு) எங்கேயோ போயிருக்கும். புது இன்ஜினுக்கு ஏற்ற அட்வான்ஸ் வளைவு இல்லாமல் ஹெட், கேம் எல்லாம் போட்டு ஒன்றும் பிரயோஜனம் இல்லை. கடைசியாக ரோலிங் ரோட்டில் (உருளைகள் மேல் காரை நிறுத்தி ஓட்டி அளக்கும் மேடையில்) அரை நாள் கொடுத்து, எஸ்யூ ஊசி மாற்றத் தெரிந்தவரிடம் ட்யூன் செய்யுங்கள். இதைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள், கடைசியில் பணம் இல்லை என்று பலரும் விட்டுவிடுகிற செலவு இதுதான்.

கேள்வி: டொராண்டோவில் 1977 எம்ஜிபி வாங்கியிருக்கிறேன். பெயர்தான் ஸ்போர்ட்ஸ் கார், நெடுஞ்சாலையில் ஏறவே பயமாக இருக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா? (ஸ்கார்பரோ)

பதில்: உங்கள் கார் வட அமெரிக்காவுக்கென்று செய்த ரகம். ஒரே ஒரு ஜெனித்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர், குறைந்த கம்ப்ரஷன், புகைக் கட்டுப்பாட்டுக் குழாய்கள், இதெல்லாம் சேர்ந்து சக்தியை 62 பிஎச்பி அளவுக்கு இறக்கிவிட்டன. பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கும் ஏறக்குறைய சமமாக இருந்து ஆயில் பிரஷரும் சூடான பிறகு ஓட்டத்தில் 50க்கு மேல் நின்றால் அடிப்பகுதியைத் தொட வேண்டாம். இரண்டு எஸ்யூவும் அவற்றுக்கான மேனிஃபோல்டும், முந்தைய மாடல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், அட்வான்ஸ் சரியான டிஸ்ட்ரிபியூட்டரும் போட்டாலே கார் முழுக்க மாறிவிடும். உங்கள் மாகாணத்தில் இந்த வயதுக் காருக்குப் புகை விதி என்ன என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றின பழைய சாமான்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் கட்டி வையுங்கள், பின்னால் விற்கும்போது கேட்பார்கள். கம்ப்ரஷன் குறைவு பிஸ்டனில் இருப்பதால் அது மட்டும் இன்ஜின் பிரிக்கும் நாள் வரை காத்திருக்கத்தான் வேண்டும், பரவாயில்லை.

கேள்வி: ஈ10 பெட்ரோல் ஊற்றலாமா? ஹெட்டில் ஈயம் இல்லாத பெட்ரோலுக்கான சீட் கட்டாயமா, இல்லை பெட்ரோலில் கலக்கும் பாட்டில் மருந்து ஊற்றினால் போதுமா? (லெஸ்டர்)

பதில்: இரண்டும் வேறு வேறு பிரச்சினை, பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 1999 முடிவோடு பொது விற்பனையில் நின்றுபோனது. எக்ஸாஸ்ட் சீட்டில் அந்த ஈயம் ஒரு மெல்லிய படலமாக இருந்து காத்தது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் வால்வ் சீட்டுக்குள் புதையும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ளது) குறைந்துகொண்டே போகும். மெதுவாக, குறைவாக ஓட்டுபவர் பாட்டில் மருந்தோடு வருடக்கணக்கில் சமாளிக்கலாம், டேப்பட்டை அடிக்கடி அளந்தால் போதும். ஆனால் ஹெட் ஏற்கெனவே கழன்று மேஜை மேல் இருக்கிறது என்றால் இன்சர்ட் போட்டுவிடுங்கள், இதற்காக இன்னொரு தடவை கழற்ற வேண்டாம்.

ஈ10 கதை வேறு. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை இளக்கும், தண்ணீரை உறிஞ்சும், குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்தால் உள்ளே துரு. 97 ஆக்டேனுக்கு மேற்பட்ட சூப்பர் பெரும்பாலும் ஈ5தான், அதையே ஊற்றுங்கள். வருடத்தில் ஓடும் தூரத்துக்கு அந்த விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எரிபொருள் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள், கடையில் வாங்கும்போது ஹோஸ் மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிற கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸ் இது, இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கேள்வி: ட்ரையம்ஃப் டிஆர்6 வாங்கியிருக்கிறேன், லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். எல்லோரும் அதைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா? (கிராய்டன்)

பதில்: செய்யாதீர்கள். தொடக்க கால டிஆர்6 2498 சிசி ஆறு சிலிண்டரில் 150 பிஎச்பி என்று விற்றது அந்த இன்ஜெக்‌ஷனால்தான், கார்புரேட்டரோடு அமெரிக்காவுக்குப் போன அதே கார் 104 பிஎச்பிதான் சொன்னது. இன்ஜெக்‌ஷனுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் பின்னால் இருக்கும் பழைய பெட்ரோல் பம்ப், அது சூடாகி அழுத்தம் விட்டுவிடும். பாஷ் பம்புக்கு மாற்றி, வயரிங்கில் ரிலே போட்டு, பெட்ரோலை அளந்து அனுப்பும் மீட்டரிங் யூனிட்டை அதில் அனுபவம் உள்ளவரிடம் புதுப்பித்தால் அது நம்பி ஓட்டக்கூடியதாகிவிடும்.

இன்ஜெக்‌ஷனைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர். ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள், அது கண்ணுக்குத் தெரிய முன்னே பின்னே நகர்ந்தால் அன்றைக்கே காரை நிறுத்துங்கள். கம்பெனி அனுமதித்த ஆட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு முதல் எட்டு பங்கு மட்டுமே. வாஷர் தேய்ந்து சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும், பிறகு ரீபில்டு இல்லை, புது பிளாக் தேடும் படலம்தான். சம்ப்பை இறக்கினால் இன்ஜினைக் காரிலிருந்து எடுக்காமலே வாஷரை மாற்றலாம், சாமானின் விலையும் மிகக் குறைவு. கேம், ஹெட், பெரிய எக்ஸாஸ்ட் என்று யோசிப்பதெல்லாம் டயல் கேஜ் வைத்து இதை அளந்த பிறகு. சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள், அந்த அழுத்தம் முழுக்க இந்த வாஷர் மேல்தான் விழுகிறது.

கேள்வி: இன்ஜினை மாற்றியமைத்தால் எம்ஓடி (வருடாந்தரக் கார் சோதனை) விலக்கு, வரி விலக்கு, யூலெஸ் (லண்டனின் புகைக் கட்டண மண்டலம்) விலக்கு எல்லாம் போய்விடுமா? (வெம்ப்ளி)

பதில்: இன்ஜினைப் பெரிதாக்கினதால் மட்டும் போகாது. நாற்பது வருடம் கடந்த கார் ஹிஸ்டாரிக் வகையில் பதிவாகியிருந்தால் சாலை வரி இல்லை, லண்டன் யூலெஸ் கட்டணமும் இல்லை. எம்ஓடி விலக்குக்குத்தான் கடந்த முப்பது வருடத்துக்குள் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை. அதிலும் அதே அடிப்படை இன்ஜினில் சிசி வேறாக இருப்பதைப் பெரிய மாற்றமாகக் கணக்கிடுவதில்லை, ஆகவே 1950 சிசி எம்ஜிபிக்குச் சிக்கல் இல்லை. சிலிண்டர் எண்ணிக்கையே மாறினால் கேள்வி வரும், அப்போது எழுத்தில் ஆலோசனை வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் எண் அல்லது சிசி மாறினால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தில் திருத்த வேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்குக் கேம் மாற்றியதைக்கூடச் சொல்லிவிடுங்கள், கிளாசிக் கார் பாலிசிகளில் இதற்குப் பெரிதாகக் கூட்டமாட்டார்கள், சொல்லாமல் விட்டுவிட்டு விபத்து நடந்தால் கிளெய்ம் மறுக்கப்படலாம். விலக்கு இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை எம்ஓடிக்குக் கொண்டுபோகச் சொல்வேன். அறுபது வருடக் காரின் அடியில் என்ன நடக்கிறது என்று இன்னொரு கண் பார்க்கட்டும்.

கேள்வி: இவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் ரோவர் கம்பெனியின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைப் போட்டுவிட்டால் என்ன? (மில்டன் கீன்ஸ்)

பதில்: நல்ல இன்ஜின், எனக்கும் ஆசையான இன்ஜின். கம்பெனியே 1973 முதல் 1976 வரை 3528 சிசி, 137 பிஎச்பியோடு எம்ஜிபி ஜிடி வி8 என்று 2,591 கார் செய்தது. அலுமினியம் என்பதால் எடையும் இரும்பு நாலு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட சமம், 1967ல் வந்த எம்ஜிசியின் கனமான ஆறு சிலிண்டர் மாதிரி மூக்கை அழுத்தாது. ஆனால் இன்ஜினோடு கணக்கு முடிவதில்லை. ரேடியேட்டரை நகர்த்த வேண்டும், எக்ஸாஸ்டுக்கு வழி பார்க்க வேண்டும், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக் எல்லாம் சேர்ந்து வரும். பிந்தைய ரப்பர் பம்பர் உடல் என்றால் கொஞ்சம் எளிது, முந்தைய குரோம் பம்பர் என்றால் வெட்டு வேலை கூடும். நன்றாக இருக்கும் குரோம் பம்பர் காரை இதற்காக வெட்டாதீர்கள், மனசு கேட்கவில்லை. வி8 ஆசை தீராது என்றால் ஏற்கெனவே நல்ல முறையில் மாற்றிய காரையே தேடி வாங்குவது மலிவு.

உங்கள் கடிதத்தில் நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்துகிறது என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கென்னவோ உங்களுக்கு வேண்டியது வி8 இல்லை, ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர்) என்றுதான் தோன்றுகிறது. ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபி டாப் கியரில் 1,000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 18 மைல் போகும், அதாவது மணிக்கு 70 மைலில் இன்ஜின் 3,900ல் சுற்றிக்கொண்டிருக்கும். லேகாக் ஓவர்டிரைவ் போட்டால் 22 மைல், அதே வேகத்தில் 3,200க்குக் கீழே இறங்கிவிடும், சத்தமும் சூடும் பெட்ரோலும் குறையும். ஃபோர்டு டைப் 9, மாஸ்டா எம்எக்ஸ்-5 ஐந்து கியர் பெட்டிகளைப் பொருத்தும் கிட்டும் கிடைக்கிறது, கிளட்ச் லேசாகவும் கியர் சுலபமாகவும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு அது பிடிக்கும். எனக்கு ஓவர்டிரைவ்தான், மூன்றிலும் நான்கிலும் ஒரு சுவிட்சைத் தட்டினால் பாதி கியர் கிடைப்பதற்கு ஈடு இல்லை. 1977 தொடக்கத்துக்குப் பின் வந்த பெட்டிகளில் நான்காவதில் மட்டும்தான் வேலை செய்யும், அதனால் வாங்குவதற்கு முன் எந்த வருடத்துப் பெட்டி என்று கேளுங்கள், அதற்குப் பொருந்தும் ஸ்பீடோமீட்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.